பழசா புதுசா என்று ஆறு முறை

எனக்கு வயலினைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாற்பது வருஷம் வெல்டிங் பட்டறையில் இரும்போடு கிடந்தவன். ஆனால் ஒரு மரப்பெட்டிக்கு இருநூறு வயசாகிவிட்டது, அதனால் அது நன்றாகப் பாடும் என்று எவனாவது சொன்னால், அவன் எதையோ விற்க வந்திருக்கிறான் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

என் மகள் பெரிய இசைக்குழு ஒன்றில் வயலின் வாசிக்கிறாள். முதல் வரிசை. எட்டு வருஷமாக அவள் கையில் இருந்தது அப்படிப்பட்ட கிழட்டு வயலின்தான். அவளுடையது அல்ல. ஒரு பெரிய மனிதர் வாசிக்கச் சொல்லிக் கொடுத்து வைத்திருந்தார். அவர் போய்ச் சேர்ந்ததும், அழுத கண் காய்வதற்குள் அவர் பிள்ளைகள் கடிதம் போட்டுவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் வயலின் தங்கள் வீட்டுக்கு வந்தாக வேண்டுமாம்.

என் மகள் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தாள். "அது போனா நானும் குழுவை விட்டுடுவேன்" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? வாசிக்கிறது நீயா, கட்டையா?"

"ரெண்டு பேரும்தாம்பா."

"எங்க பட்டறையில மெஷின் மாத்தினாங்க. எவனாவது வீட்டுக்குப் போனானா?"

"மாமா, அவ சொல்றது வேற. ஆனா நீங்க சொல்றதும் நியாயம்தான்" என்றார் மாப்பிள்ளை. பஸ் ஓட்டுகிறவர். சண்டை என்றால் இரண்டு பக்கமும் ஹாரன் அடித்துவிட்டு நடுவில் போய்விடுவார்.

கடிதம் வந்த வாரமே அவள் ஒரு புது வயலினை வாசித்துப் பார்க்க வாங்கி வந்திருந்தாள். செய்தவர் கையில் எப்போதும் மரம் ஒட்டுகிற பசை இருக்கும், எல்லோரும் பசைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டு மாதத்துக்கு முன் அவர் பட்டறையில் பிறந்த வயலின். ஒரு நாள் வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்துப் பெட்டியில் போட்டு மூடியவள், அப்புறம் திறக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. "கண்ணை மூடிட்டு ரெண்டையும் வாசி. எது பழசு, எது புதுசுன்னு சொல்லு. சரியாச் சொல்லிட்டா உன் இஷ்டம், நான் வாயைத் திறக்கல. சொல்ல முடியலன்னா வேலையை விடக் கூடாது."

அவள் உடனே ஒப்புக்கொண்டாள். "சரி. ஆனா நீங்கதான் நடத்தணும். வேற யாராவது நடத்தினா அப்புறம் அதை நம்ப மாட்டீங்க."

நடத்தினேன். ஒரு ஓட்டை விடாமல் அடைத்தேன். பசைக்காரரைக் கூப்பிட்டு இரண்டிலும் ஒரே மாதிரி தந்தி போடச் சொன்னேன். தாடை வைக்கிற கட்டையையும் இரண்டிலும் மாற்றினோம். பழசில் அலமாரி வாசனை அடித்தது. இரண்டின் மேலும் ஒரே தைலத்தைத் தொட்டு வைத்தேன். பசைக்காரர் சிரித்துக்கொண்டே, "ஐயா, போலீஸ்ல இருந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியாக என் வெல்டிங் கண்ணாடியை அவள் முகத்தில் மாட்டினேன். அதைப் போட்டால் நெருப்பைத் தவிர வேறெதுவும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்தில். மாப்பிள்ளை தானும் ஊகித்து எழுதிப் பார்க்கிறேன் என்று கதவுக்கு அந்தப் பக்கம் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார். காசைச் சுண்டி வரிசையை முடிவு செய்து ஓர் அட்டையில் எழுதிக்கொண்டேன். ஆறு முறை. ஒவ்வொரு முறையும் நானே கையில் கொடுத்து நானே வாங்கினேன்.

முதல் முறை வாசித்துவிட்டு, "பழசு" என்றாள். அட்டையைப் பார்த்தேன். பழசு. இரண்டாவது, "புதுசு." சரி. மூன்றாவதும் புதுசுதான். ஏமாறுவாள் என்று நினைத்தேன், ஏமாறவில்லை. எனக்கென்னவோ ஆறும் ஒரே வயலின்தான். எது எது என்று தெரிந்து கேட்டும் காதுக்கு ஒரு வித்தியாசமும் தட்டுப்படவில்லை. அவள் ஆறையும் சரியாகச் சொன்னாள்.

"எத்தனை சரி?" கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டாள். உதட்டோரத்தில் சிரிப்பு. நாளைக் காலை ராஜினாமாக் கடிதம் எழுதப்போகிறவளின் சிரிப்பு அது.

"ரெண்டு" என்றேன்.

"ரெண்டு தப்பா?"

"ரெண்டுதான் சரி. நாலு தப்பு."

மாப்பிள்ளை கதவைத் திறந்துகொண்டு வந்தார். "எங்க மாமா, அட்டையைக் காட்டுங்க. நான் எழுதினதுல எத்தனை சரின்னு பார்ப்போம்."

"விடுங்க" என்றாள் அவள். "அப்பா யாரையும் நம்ப மாட்டாரே தவிர, பொய் சொல்ல மாட்டார்."

அட்டை என் சட்டைப் பையில் இருந்தது. கழிவறைக்குப் போய்த் துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

மறுநாளே அவள் பழைய வயலினைத் துடைத்து, பெட்டியில் வைத்து, தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அழவில்லை. வேலையையும் விடவில்லை. காரியம் முடிந்தது என்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்துத்தான் கவனித்தேன். முன்பெல்லாம் தந்தியைச் சுருதி சேர்க்கும்போது கண்ணை மூடி முறுக்காணியை இரண்டு திருப்பு திருப்புவாள், முடிந்தது. இப்போது கைபேசியை எதிரே நிறுத்தி, அதில் சுருதி காட்டுகிற முள் நடுவில் வந்து நிற்கிற வரைக்கும் திருப்பிக்கொண்டே இருந்தாள். நின்ற பிறகும் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

"என்னையா கேக்கற? எனக்கு எஞ்சின் சத்தம்தான் தெரியும்."

"சும்மா சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் செய்தித்தாளைப் பார்த்தேன்.

அந்த வாரக் கடைசியில் சாப்பிடும்போது சொன்னாள். "என்னைப் பின் வரிசைக்கு மாத்தச் சொல்லிக் கேட்டிருக்கேன். முன்னாடி உக்கார்றவ காதை நம்பித்தான் மத்தவங்க வாசிப்பாங்க. என் காது பொய்க் காது."

பட்டறையில் நான் ஒட்டின ஒட்டைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பேன். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் செத்துக் கேட்கும். அளக்கிற கருவி எல்லாம் அப்புறம் வந்ததுதான். உனக்குக் கேட்டது தப்பு என்று எவனாவது அன்றைக்கு என்னை நம்ப வைத்திருந்தால், மறுநாள் நான் சுத்தியலைத் தொட்டிருக்க மாட்டேன்.

"ஆறும் சரி" என்றேன்.

"என்னது?"

"அன்னைக்கு நீ சொன்னது ஆறும் சரி. நான்தான் பொய் சொன்னேன்."

மாப்பிள்ளை தண்ணீர்க் குவளையைப் பாதியில் நிறுத்திவிட்டார். அவள் எச்சில் கையோடு எழுந்து நின்றாள்.

"எதுக்கு?"

"வேலையை விட்டுடுவேன்னு சொன்னியே."

"விட்டா விட்டுட்டுப் போறேன்! அது என் வேலை. பதினஞ்சு நாளா நான் செவிடு மாதிரி அலைஞ்சேன், பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமா."

"மத்தவன் எல்லாம் திருடன், நீங்க மட்டும் யோக்கியன்."

அப்போதும் கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன். "அப்போ பழசுதான் ஒசத்தியா?"

"ஒசத்தின்னு நான் எப்ப சொன்னேன்? எது பழசுன்னு கேட்டீங்க, சொன்னேன். எது நல்லா இருக்குன்னு நீங்க கேக்கவே இல்லையே." கையைக் கழுவிவிட்டு வந்தாள். குரல் இன்னும் இறங்கவில்லை. "அந்தத் தடித்த தந்தி இருக்கே, பழசுல அது சோம்பேறி. வில்லால அழுத்தி எழுப்பணும். எட்டு வருஷமா எழுப்பினவளுக்கு அது தெரியாதா? புதுசு தொட்டதும் பேசுது. எழுப்பிப் பழகின கைக்கு அது கத்துற மாதிரி இருக்கு. எது நல்லதுன்னு எனக்கே இன்னும் தெரியல. தெரிஞ்சுக்க விட்டீங்களா?"

நான்கு நாள் என்னோடு பேசவில்லை. காபியை மட்டும் மேசையில் ணங்கென்று வைத்துவிட்டுப் போவாள். முன் வரிசை வேண்டும் என்று திரும்பக் கேட்டதற்கு, இடத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்தாகிவிட்டது, இந்த வருஷம் முடியட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அதையும் மாப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அது என்னால் போன இடம்.

ஐந்தாம் நாள் கூடத்தில் புது வயலினை எடுத்தாள். கைபேசி உள்ளறையில் கிடந்தது. கண்ணை மூடி ஒரு தந்தியை மீட்டினாள். எனக்குச் சரியாகத்தான் கேட்டது. அவள் தலையை ஆட்டி, முறுக்காணியைத் துளி திருப்பி, மறுபடி மீட்டினாள்.

"இப்ப சரியா இருக்கும்மா" என்றேன்.

"உங்களை யாரும் கேக்கல" என்றாள்.