நானூற்றுப் பன்னிரண்டு

அஞ்சல்வழி ஆங்கில வகுப்புக்கு விடைத்தாள் திருத்துகிறவரை எல்லோரும் 'சிவப்புப் பேனா' என்றுதான் சொல்வார்கள். மனைவி போய்ச் சேர்ந்து நான்கு வருடம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று அலுவலகத்தில் கேலி. உதிர்ந்தால் பொறுக்க வீட்டில் ஆளில்லை, விஷயம் அவ்வளவுதான்.

வகுப்பின் கடைசிப் பாடம் பெரிய தலைவலி. ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால், சில இடங்களில் அதற்கு முன்னே 'டு' போட வேண்டும், சில இடங்களில் வாலில் 'இங்' ஒட்ட வேண்டும். 'வான்ட்' என்றால் 'டு', 'என்ஜாய்' என்றால் 'இங்'. ஏன் என்று கேட்டால் வெள்ளைக்காரனே முழிப்பான். இறுதித் தேர்வில் பத்து வினைச்சொல் கொடுத்து, வாக்கியம் எழுதச் சொல்வார்கள்.

நானூற்றுப் பன்னிரண்டாம் எண்காரி எல்லாத் தாளிலும் தன் கதையையே எழுதுவாள். தாளில் பெயர் இருக்காது, பதிவு எண் மட்டும்தான். ஓட்டல் சலவை அறையில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள், தேர்ச்சி பெற்றால் வரவேற்பு மேசைக்கு மாற்றுவார்கள் என்பதெல்லாம் அவள் வாக்கியங்களிலிருந்து இவர் தெரிந்துகொண்டது. 'சாப்பிடும்போது ரேடியோவை நிறுத்துவதைத் தவிர்க்கிறேன்' என்று ஒரு வாக்கியம். 'ஒரு நாளாவது யாருடனாவது சண்டை போட விரும்புகிறேன்' என்று இன்னொன்று.

அதைப் படித்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். "வாயேம்மா, போடலாம்" என்று தாளைப் பார்த்துச் சொன்னார். அந்த வாரம் அந்த வீட்டில் ஒலித்த பேச்சு அது ஒன்றுதான்.

பத்தில் எட்டு சரி. எண்பது மதிப்பெண். போட்டால் அவள் தேறிவிடுவாள், இனி அவளிடமிருந்து தாள் வராது. பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு நாற்பத்தெட்டு என்று போட்டார். தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும்.

விடைத்தாள் கட்டை வாங்கிய அலுவலகக் குமாஸ்தா அம்மா புருவத்தைத் தூக்கினார். "என்ன சார், நல்லா எழுதற பொண்ணாச்சே?"

"யானைக்கும் அடி சறுக்கும்மா."

மூன்று மாதம் கழித்து மறுதேர்வு. அந்த மூன்று மாதமும் அவர் நாளை எண்ணிக்கொண்டிருந்தார். தாள் வந்ததும் காபியைக்கூட ஓரம் வைத்துவிட்டுப் பிரித்தார்.

'நீந்த விரும்புகிறேன். பூக்களைப் பார்த்து மகிழ்கிறேன்.' பத்தும் பாடப்புத்தகத்து வாக்கியங்கள், வரிக்கு வரி. அவளைப் பற்றி ஒரு சொல் கிடையாது. தன்னைப் பற்றி எழுதியதுதான் தப்பு என்று அந்தப் பெண் நினைத்துவிட்டாள். நூறு போட்டு, தாளைத் தானே அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்.

"பரவாயில்லையே, தேறிட்டாளே!" என்றார் குமாஸ்தா அம்மா.

"போன தடவையே தேறிட்டாம்மா. நான்தான் ஃபெயில் போட்டேன்."

"ஐயையோ, ஏன் சார்?"

"அவ மறுபடி எழுதுவான்னுதான்" என்றார். குமாஸ்தா அம்மா தாளை வாங்கக் கை நீட்டாமல் அப்படியே நின்றார்.