கை நனைக்கும் நாள்

ஆம்பூரே ரம்ஜான் பிறைக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த சாயங்காலத்தில், கோவிந்தம்மாள் மட்டும் அது தெரியாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். பிறை தெரிந்தால் தோல் ஷாப்புக்கு லீவு. லீவு என்றால் அவள் புருஷன் தனகோடி சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு, மணக்க மணக்க வீட்டில் உட்கார்ந்திருப்பான். அதுதான் பயம்.

தனகோடிக்கு மக்பூல் சாயபுவின் ஷாப்பில் தோல் ஊறும் குழியில் வேலை. கல்யாணமான புதிதில் அந்த நாற்றத்துக்கு அவள் மூக்கைச் சுளித்ததெல்லாம் பழைய கதை. இப்போது அவள் மானம் அதில்தான் ஒளிந்திருந்தது. இடது மார்பில் புளியங்கொட்டை அளவு இருந்த கட்டி ஐப்பசியில் உடைந்து புண்ணாகி, என்ன கட்டுப் போட்டாலும் வாடை அடித்தது. அக்கம்பக்கத்தில் கேட்டால், "அந்த ஆளு வேட்டிதான்" என்பாள். தோல் ஊரில் அதற்கு மேல் யார் துருவப் போகிறார்கள்? போதாததற்குக் கொஞ்ச நாளாக அவனும் பாலாற்றில் முழுக்குப் போடாமல் அப்படியே வந்துகொண்டிருந்தான். "சோம்பேறி" என்று வாயால் திட்டினாலும் மனசுக்குள் கும்பிட்டாள்.

கார்த்திகையில், விரிஞ்சிபுரம் கோயில் கடைஞாயிறு விழாவுக்குப் போகிறேன் என்று புளுகிவிட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இது புற்று. உடனே அறுக்கணும், புருஷனைக் கூட்டிட்டு வா" என்றாள். கோவிந்தம்மாள் தலையை ஆட்டிவிட்டு ரயிலேறிவிட்டாள். மகள் மீனாம்பாளுக்குத் திமிரியில் ஓர் இடம் கூடி வந்துகொண்டிருந்தது. தாய்க்கு ஆறாத புண் என்று காதில் விழுந்தாலே பெருவியாதி என்று கை கழுவிவிடுவார்கள். அவளுக்கு ஒரு வழி பிறக்கட்டும், அப்புறம் என்னை எப்படி வேண்டுமானாலும் அறுக்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

பிறை தெரிந்துவிட்டது. லீவை உத்தேசித்துத்தான் தனகோடி திமிரிக்காரர்களை மறுநாள் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தான்.

காலையில் அவன் குளித்து வெள்ளை வேட்டி கட்டினான். வீட்டில் தோல் நாற்றம் துளியும் இல்லை. கோவிந்தம்மாள் புண்ணுக்கு மஞ்சளும் வேப்பிலையும் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டாள். புகை அடங்கியதும் வாடை எழுந்தது. அவளுக்கே குமட்டியது. அவன் கழற்றிப் போட்ட ஷாப்பு வேட்டியை எடுத்து வந்து கூடத்துக் கொடியில் போட்டாள்.

"இன்னாம்மா, வர்றவங்க முன்னாடி இத்தப் போயி..." என்று மீனாம்பாள் அதைப் பிடுங்கித் தொட்டியில் முக்கிவிட்டாள்.

வாசலில் நின்று இதைப் பார்த்த தனகோடி தெருவில் இறங்கிப் போனான்.

திமிரிக்காரர்கள் ஜட்காவில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் தாய் முனியம்மாவுக்குப் பெண்ணைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இலை போட்டாயிற்று. கை நனைத்தால் சம்பந்தம் உறுதி, நனைக்காமல் எழுந்தால் பேச்சு முடிந்தது. கோவிந்தம்மாள் குனிந்து சோறு வைத்தாள். முனியம்மாவின் கை இலைக்கு மேலேயே நின்றது.

"இன்னா சம்மந்தி, ஒரு மாதிரி வாடை அடிக்குதே?"

கோவிந்தம்மாள் கொடியைப் பார்த்தாள். வழக்கமான பதிலைச் சொல்ல அந்த ஆளும் இல்லை, வேட்டியும் இல்லை.

வாசலில் நிழல் தட்டியது. தனகோடி வந்தான். வெள்ளை வேட்டி இடுப்புவரை நனைந்து பழுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. நாற்றம் கூடத்தை நிறைத்தது.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. குழியில தோலு கெட்டுப் போவுதுன்னு காவக்காரன் கூப்ட்டான். அப்டியே வந்துட்டேன். எங்க வூட்ல எப்பவும் இந்த வாசனதான்" என்று சொல்லிக்கொண்டே மனைவியின் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க வந்து நின்றான்.

முனியம்மா சிரித்துவிட்டாள். "தோலு ஊர்ல பொண்ணு எடுக்க வந்துட்டு மூக்கப் புடிச்சிக்கினா ஆவுமா?" சோற்றில் கையை வைத்தாள்.

கோவிந்தம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்ததும் வேறொன்று உறைத்தது. காவல்காரன் யாரும் இந்தத் தெருவுக்கு வரவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆற்றில் முழுக்குப் போடாமல் வந்த நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. அவன் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது, தெரிந்தும் ஏன்யா ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

அவள் பார்வையை அவன் சந்திக்கவில்லை. "கண்ணாலம் ஆவட்டும்மே" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். பிறகு முனியம்மாவிடம், "இந்தத் தையிலேயே முடிச்சிக்கலாமா?" என்று கேட்டான்.

"இன்னா அவசரம்? கழனி வேல தலைக்கு மேல கெடக்குது" என்றாள் முனியம்மா, ரசத்துக்குக் குழி பறித்தபடி. "அறுப்பெல்லாம் முடியட்டும். வைகாசியில வச்சிக்கலாம்."

தனகோடியின் வேட்டிக்கு ஈக்கள் வந்து மொய்த்தன. ஒன்று மட்டும் அவனை விட்டு எழுந்து, கோவிந்தம்மாளின் முந்தானையில் இடது பக்கமாக உட்கார்ந்தது. அவன் கையை வீசி ஓட்டினான். அது கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அங்கேயே வந்து உட்கார்ந்தது.