நவநாள் எண்ணெய்

மாஸ்டர் கிள்ளினார். கிள்ளுவார் என்று தெரிந்தேதான் தோளையும் இடுப்பையும் பிடித்து வலப்பக்கமாகப் புரட்டினேன். பதினோரு மாதப் பழக்கத்தில் என் கை தானாகவே விலகிக்கொள்ளும். அன்று விலகவில்லை. முழங்கைக்குக் கீழே ஏற்கெனவே கன்றிப்போயிருந்த இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று. கடைசி நாள்தானே, வாங்கிக்கொண்டு போவோம் என்று கைக்கே தோன்றிவிட்டது போலிருக்கிறது.

அடைக்கலராஜ் மாஸ்டர் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். பக்கவாதத்தில் வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் இரும்பாக இருந்தது. அந்தக் கையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும். கட்டில் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர், இரண்டு தட்டினால் மூத்திரம், விடாமல் தட்டினால் கோபம். அவரைப் பார்த்துக்கொள்ள எனக்கு முன்னால் மூன்று பேர் வந்து ஓடிவிட்டார்கள். அதில் ஒருத்தி மதியச் சோற்றுக்குக்கூட நிற்கவில்லையாம். நான் ஓடாமல் இருந்ததற்குப் பொறுமை காரணமில்லை. காலை ஐந்தரையிலிருந்து எட்டு, பிறகு சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு என்று நர்சிங் படிக்கிற பெண்ணுக்குத் தோதான வேலை காரைக்காலில் வேறு எங்கே கிடைக்கும்? கோட்டுச்சேரிமேட்டிலிருந்து சைக்கிளில் கோட்டுச்சேரி, அங்கிருந்து முதல் பஸ், இறங்கித் தருமபுரத்தில் மாஸ்டர் வீட்டுக்கு நடை. மீன் வீச்சம் வரக்கூடாதென்று அம்மா என் யூனிபாரத்தை மட்டும் தனிப் பெட்டியில் வைத்திருந்தாள். அப்படியும் மாஸ்டர் முதல் நாளே மூக்கைச் சுளித்துவிட்டு டம்ளரை விடாமல் தட்டினார்.

திங்கள்கிழமையிலிருந்து எனக்கு ஆஸ்பத்திரியில் வார்டு டியூட்டி. காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அதனால்தான் வேலையை விடுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அந்த மிச்சம் ஒன்பது நாளாக என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் எழுந்து நிற்கத் தோன்றியது, நின்றால் இறங்கிவிடலாமா என்று தோன்றியது. வகுப்பில் யாராவது பென்ச்சில் ஸ்கேலைத் தட்டினால் எழுந்து ஓடப் பார்த்தேன்.

ஒன்பது நாளைக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் இரண்டாம் வருஷத்தை வார்டு சுற்றிக்காட்ட அழைத்துப் போனார்கள். இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு அம்மாவுக்கு முதுகு துடைத்துவிடச் சொன்னார் வார்டு சிஸ்டர். நமக்குக் கைவந்த கலைதானே என்று முன்னால் போனேன். துடைத்து முடித்ததும், அந்த அம்மாவின் இடுப்பில் கன்றியிருந்த இடத்தைப் பார்த்து, என் கட்டைவிரல் தானாகவே போய் வட்டமாக அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தது. சிஸ்டர் என் கையில் பட்டென்று ஒரு போடு போட்டார்.

"அந்த எடத்த தேய்க்காத. உள்ள இருக்குற சதை ஏற்கெனவே நசுங்கிக் கெடக்கு. மேல தேய்ச்சா உள்ளுக்குள்ள கிழியும், அப்பறம் புண்ணாயிரும். ஃபர்ஸ்ட் இயர்லயே சொல்லியிருப்பாங்களே, எங்க போயிருந்த?"

எங்கே போயிருந்தேன் என்று அன்று மதியமே நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். முதுகுப் பராமரிப்பு என்று தலைப்பு, தேதி, அதற்குக் கீழே அரைப்பக்கம் வெள்ளை. 'மீதி பெனிட்டாவிடம் வாங்கி எழுதணும்' என்று பென்சிலில் குறிப்பு. அந்தத் தோழியிடம் வாங்கவில்லை, எழுதவுமில்லை. அந்தப் பாடம் நடந்த அன்று காலை மாஸ்டர் படுக்கையிலேயே வெளிக்குப் போய்விட்டார். மூன்று தடவை விரிப்பு மாற்றிவிட்டு நான் வகுப்புக்குப் போனபோது பாதி முடிந்திருந்தது. அதாவது, மாஸ்டரைப் பார்த்துக்கொள்ளப் போனதால், மாஸ்டரை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவறவிட்டிருக்கிறேன். இதை நினைத்துச் சிரிக்கவும் செய்தேன், பாத்ரூமில் போய் அழவும் செய்தேன்.

மாஸ்டருக்குப் பின்னால் வால் எலும்பின் மேல் ஒரு புண் இருந்தது. நான் வந்த மூன்றாம் மாதம் அது வெறும் கறுத்த தழும்புபோல ஆரம்பித்தது. "தேச்சு விடும்மா, ரத்தம் ஓடுனா சரியாப்போயிரும்" என்றார் மாஸ்டரின் மனைவி அற்புதம் அம்மா. அதற்காகவே ஒரு பாட்டில் வைத்திருந்தார், மாதா கோயிலில் மந்திரித்து வாங்கிவந்த தேங்காய் எண்ணெய். நானும் காலையிலும் மாலையிலும் உயிரைக் கொடுத்துத் தேய்த்தேன். எங்கள் ஊரில் வலைக் கயிறு இழுத்துத் தோள் கன்றி வரும் ஆட்களுக்கு அப்படித்தான் தேய்ப்பார்கள். நாலே வாரத்தில் தோல் கிழிந்தது. டாக்டர் வந்து புண்ணைப் பார்த்தார், மருந்து எழுதினார், இரண்டு மணிக்கொரு தடவை புரட்டச் சொன்னார். நாங்கள் தேய்த்ததைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு புண்ணை விட்டுவிட்டுச் சுற்றிலும் தேய்த்தோம். அற்புதம் அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார், "ப்ரியாவுக்குக் கைராசி. அவ கை படலன்னா இன்னேரம் புண்ணு எவ்வளவு பெரிசாயிருக்கும்."

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். போனால், அற்புதம் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். முகம் கழுவிப் பொட்டு வைத்ததுபோலத் தெளிவாக இருந்தது. மாஸ்டரின் இடது இடுப்பிலும் புதிதாக ஒரு இடம் கறுத்திருக்கிறதாம். அது புண்ணாகாமல் இருக்க மறுநாள் காலையிலிருந்து மாதாவுக்கு நவநாள் ஆரம்பிக்கிறாராம். ஒன்பது நாளும் அவரே தன் கையால் செபம் சொல்லிக்கொண்டே எண்ணெய் தேய்க்கப் போகிறாராம்.

"ஒன் கைராசில கொஞ்சம் எனக்கும் குடுடி" என்றார் சிரித்துக்கொண்டே.

சொல்ல வந்தது ஒன்று, வாயில் வந்தது வேறு. "அம்மா, அடுத்த வாரத்தோட நான் நின்னுக்குறேன். வார்டு போட்டுட்டாங்க" என்றேன்.

அவர் என் தலையைத் தடவினார். பிறகு, "படிப்புதாம்மா முக்கியம்" என்றார். நான் செத்தேன்.

வெளி வேலைக்குப் போகக்கூடாது என்பது காலேஜ் விதி. இந்த வீட்டிலிருந்து ஒரு போன் போனால் போதும், என் படிப்பு அதோடு சரி. நவநாள் பாதியில் நிற்கக்கூடாது என்று ஒரு சாக்கும் கிடைத்தது. வீட்டில் என் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே, "கோழி மிதிச்சி குஞ்சு சாவுமா, போடி" என்றாள். மிதித்தது கோழியாக இருந்தால் சரி. நான் யார்?

ஆகவே ஒன்பது நாளும் இப்படி நடந்தது. காலை ஏழு மணிக்கு நான் மாஸ்டரைப் புரட்டிப் பிடித்துக்கொள்வேன். அற்புதம் அம்மா கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டே அந்த இடது இடுப்பை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தேய்ப்பார். மாஸ்டர் முனகுவார். அந்தப் பக்கம் அவருக்கு உணர்ச்சி உண்டு. பிடிவாதம் என்று நாங்கள் பதினோரு மாதமாகச் சொன்னதெல்லாம் வலியாக இருக்குமோ என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாயங்காலம் என் முறை வரும்போது எண்ணெயைத் தொட்டு மேலாகத் தடவிவிட்டு எழுந்துவிடுவேன். என் கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான் என் வீரம்.

கடைசி நாள் காலை, என் இடத்துக்கு வரப்போகும் ஆரிபா அக்கா வேலை பார்த்துக்கொள்ள வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். மாமியாரை ஆறு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தவர். மாஸ்டரின் டம்ளரைப் பார்த்துவிட்டு, "எங்க மாமிக்குக் கைத்தடி" என்றார். இவர் ஓடமாட்டார் என்று அப்போதே தெரிந்தது. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

மணி ஏழு. நான் மாஸ்டரைப் புரட்டினேன், கிள்ளு வாங்கினேன். அற்புதம் அம்மா எண்ணெய்ப் பாட்டிலோடு வந்தார்.

"இன்னையோட நவநாளும் முடியுது, நீயும் கெளம்புற" என்றார். "ஆரிபா, கைய நீட்டு. ப்ரியா எப்புடித் தேய்க்கிறான்னு பாத்துக்க. நாளையிலேருந்து நீதான்."

ஆரிபா அக்கா கையை நீட்டினார். அகலமான, உழைத்த கை. அதன் குழியில் எண்ணெய் விழுந்தது. "நல்லா சூடு பறக்கத் தேச்சாத்தாம்மா சரியாவும்" என்றார் அவர். "நீங்க ஒக்காருங்க, நான் பாத்துக்குறேன்."

"தேய்க்காதீங்கக்கா" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மாஸ்டரின் தோளை விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னேன். விட்டிருந்தால் வாசலைப் பார்த்து ஓடியிருப்பேன். வார்டில் நடந்ததை, கிழிகிற சதையை, அரைப்பக்க வெள்ளை நோட்டை, எல்லாவற்றையும் முன்பின்னாகக் கொட்டினேன்.

அற்புதம் அம்மா பாட்டிலைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எண்ணெய்லயா தப்பு?"

"எண்ணெய்ல ஒன்னுமில்லம்மா. தேச்சதுதான்."

"அப்ப நாந்தான்."

"மொதல்ல நான்மா. அந்தப் பெரிய புண்ணு என் கையால வந்தது."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "நீங்க நவநாள் ஆரம்பிச்சீங்கல்ல, அதுக்கு மொத நாளு."

அவர் உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று நினைத்தேன். ஒன்பதை எண்ணுவதற்கு என்ன இருக்கிறது.

"ஒம்போது நாளும் நீதான அவர புரட்டிப் புடிச்சிக்கிட்டிருந்த" என்றார்.

"ஆமாம்மா."

"அவரு முனகுனாரு."

"ஆமாம்மா."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாஸ்டர் இடது கையால் தலையணைப் பக்கம் துழாவி டம்ளரை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். ஒன்றா, இரண்டா என்று யாரும் எண்ணவில்லை. ஆரிபா அக்கா எண்ணெய் வழியாமல் கையைக் குழித்தபடியே நின்றார். அதை எங்கே விடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"பயந்துட்டேன்மா" என்றேன். "காலேஜுக்குச் சொல்லிருவீங்கன்னு."

"சொல்லணும்னுதான் தோணுது" என்றார் அற்புதம் அம்மா. குரல் உயரவேயில்லை. "அத அப்பறம் பாப்போம். இப்ப என்னா செய்யணும், சொல்லு" என்றார்.

கைதான் முதலில் நகர்ந்தது. இரண்டு தலையணையை இழுத்து, ஒன்றை மாஸ்டரின் முதுகுக்கு அண்டை கொடுத்தேன், இன்னொன்றை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்தேன். இந்த இடது இடுப்பு ஆறுகிற வரைக்கும் அந்தப் பக்கம் படுக்கவைக்கவே கூடாது, மற்றபடி இரண்டு மணிக்கொரு தடவை மாற்ற வேண்டும், புண்ணுக்கு டாக்டர் கொடுத்ததைத் தவிர எதுவும் வேண்டாம், தேய்த்ததையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்றேன். பிறகு அந்தக் கறுத்த இடத்துக்குப் பக்கத்தில் என் புறங்கையை வைத்துக் காட்டினேன்.

"நம்ம நெறத்துல செவப்பு தெரியாதும்மா. சூடாத்தான் தெரியும். காய்ச்சல் பாக்குற மாதிரி, பொறங்கைய லேசா வைங்க, போதும். நேத்தைக்கு இன்னிக்கு சூடு கொறஞ்சிருந்தா நல்லது."

அற்புதம் அம்மா பாட்டிலைக் கீழே வைத்தார். கையைச் சேலையில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். கட்டில் ஓரம் உட்கார்ந்து, வலது புறங்கையை மாஸ்டரின் இடுப்பில் வைத்தார். அவர் உதடு தானாகவே செபத்தை ஆரம்பித்துவிட்டது. ஒன்பது நாள் பழக்கத்தில் கையும் அதோடு அசையப் பார்த்தது. இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்.

நான் பிடிக்க வேண்டிய பஸ் தூரத்தில் ஹாரன் அடித்துப் போனது. என் பை கதவோரம் கிடந்தது. மாஸ்டர் டம்ளரை விட்டார். அது உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது, யாரும் குனியவில்லை. அவருடைய இடது கை மெல்ல எழுந்து பின்னால் வளைந்து அற்புதம் அம்மாவின் கையைத் தேடி வந்தது. கிள்ளப் போகிறார் என்று எனக்குத் தெரியும். அற்புதம் அம்மாவுக்கும் தெரியும். அவர் செபத்தை நிறுத்தவுமில்லை, கையை எடுக்கவுமில்லை.