யாழினியின் கடிதத்தில் நான் சேர்த்த வரி

1

இந்தக் கதையை எழுத எனக்கு ஆசை இல்லை. ஏழாம் வகுப்பில் படிக்கும் யாழினி எழுதிய கடிதத்தை நான் ஆங்கிலத்துக்கு மாற்றினேன். மாற்றும்போது அவள் எழுதாத ஒரு வரியைச் சேர்த்தேன். அந்த வரியை வைத்து அவளுடைய அப்பாவைப் பிடித்தார்கள். கதை இங்கிருந்துதான் வந்தது. இதை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருக்கலாம். முடியவில்லை.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "நீர் வற்றிய கொள்ளிடத்து மணலில், கண்டம் கடந்து வந்த களைப்பைச் சிறகில் சுமந்தபடி அந்தச் சிறு பறவை"

அதோடு நிறுத்திவிட்டேன். அந்தப் பறவை, உள்ளான், எதையும் சுமப்பதில்லை. அதன் எடையே நூறு கிராம்தான். அதன் முதுகில் ஏற்றப் பார்த்தது என்னுடைய களைப்பை.

இரண்டாவது தொடக்கம், யாழினியின் அப்பாவைப் பற்றி: "காத்தான் நல்லவர்." அதையும் அடித்துவிட்டேன். முதல் வாக்கியத்திலேயே ஒருவரை நல்லவர் என்று எழுதினால், அவருக்கு ஏதோ கெடுதல் செய்யப்போகிறோம் என்று படிப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். (செய்தாகிவிட்டது என்பது வேறு விஷயம்.)

2

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருவானைக்காவலில் இருக்கிறேன். சான்றிதழ் மொழிபெயர்ப்பது தொழில். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, மாற்றுச் சான்றிதழ். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. தமிழில் உள்ளது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஒரு சொல் கூடக் கூடாது, குறையவும் கூடாது. கீழே முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவேன்.

அதன் நடுவே எப்போதாவது கதையும் எழுதுவேன். ஐந்தாறு வந்திருக்கின்றன. உங்களுக்கு நினைவிருக்க நியாயமில்லை.

ஜெஸிமா டீச்சரின் அண்ணன் குவைத் போனபோது அவருடைய காகிதங்களை நான்தான் மாற்றிக் கொடுத்தேன். அந்தப் பழக்கத்தில்தான் போன நவம்பரில் டீச்சர் என்னைத் தேடி வந்தார். ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறார். பள்ளியின் பெயர் வேண்டாம்.

"சார், நாப்பது லெட்டர் இருக்கு. பசங்க எழுதினது. இங்கிலீஷ் பண்ணித் தரணும்."

"யாருக்கு?"

"கஜகஸ்தான்ல ஒரு ஸ்கூலுக்கு. வெயில் காலத்துல உள்ளான் அங்க ஏரிக்கரையில முட்டை வச்சுக் குஞ்சு பொரிக்குது. பனி விழ ஆரம்பிச்சா இங்க நம்ம வயலுக்கு வந்துடுது. ஆறு மாசம் அந்தப் பசங்க பாக்குறாங்க, ஆறு மாசம் நம்ம பசங்க. ஆனா ஒருத்தருக்கொருத்தர் யாருன்னே தெரியாது. அதான் கோத்து விடலாம்னு."

சனிக்கிழமைதோறும் பிள்ளைகளைக் கொள்ளிடக் கரைக்கு அழைத்துப் போய், இரண்டே இரண்டு தொலைநோக்கியை நாற்பது பேருக்கும் கைமாற்றி, பட்டாணி உப்புக்கொத்தி எது, பொறி உள்ளான் எது என்று காட்டிக்கொண்டிருந்தார். அதற்கென்று யாரும் அவருக்கு விடுப்புத் தரவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல எட்டு பீரியட்.

சரி என்றேன். எனக்கும் சான்றிதழ்கள் அலுத்திருந்தன.

3

முப்பத்தொன்பது கடிதங்கள் ஒரே மாதிரி இருந்தன. 'எங்கள் ஊரில் மலைக்கோட்டை உள்ளது. உங்கள் ஊரில் என்ன உள்ளது? பறவைகளைக் காப்போம்.'

நாற்பதாவது யாழினியுடையது. கொள்ளிடத்துக்கு வடக்கே, சமயபுரம் போகும் வழியில் ஒரு சிற்றூரிலிருந்து பஸ்ஸில் பள்ளிக்கு வருகிறவள். அவள் எழுதியிருந்தது இது:

'எங்க அப்பா வாழைத்தார் லோடு ஏத்துறாங்க. மார்கழி, தை மாசத்துல காலையில வயல்ல கண்ணி வப்பாங்க. உள்ளான் விழும். டீச்சர் சொன்ன பிறகுதான் அது உங்க ஊர்லேர்ந்து வருதுன்னு எங்களுக்குத் தெரியும். எங்க அம்மா மிளகு போட்டு வறுக்கும். அது பறக்கும்போது நேரா போகாது, வளைஞ்சு வளைஞ்சு போகும். உங்க ஊர்லயும் அப்படித்தான் போகுமா?'

இதைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். இருபத்திரண்டு வருடத்தில் என் மேஜைக்கு வந்த காகிதங்களில் உயிருள்ள காகிதம் இது ஒன்றுதான்.

பொறாமையும் இருந்தது. அதை மறைத்து இந்தக் கதையை எழுத முடியாது.

மறுநாள் பள்ளிக்குப் போனபோது வராந்தாவில் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கடிதம் ரொம்ப நல்லா இருக்கும்மா. அப்பா எந்த எடத்துல கண்ணி வப்பாங்க?"

சொன்னாள். சந்தோஷமாகவே சொன்னாள். வாய்க்கால் பெயர், மோட்டார் ரூம், அதற்குப் பக்கத்து வயல், எல்லாம். யாரோ ஒரு பெரிய மனிதர் அவளுடைய அப்பாவைப் பற்றி விசாரிக்கிறார் என்ற பெருமை முகத்தில் இருந்தது.

அதை ஒரு வரியாக்கி ஆங்கிலத்தில் சேர்த்தேன். இடம் வந்தால்தான் எழுத்து கண்ணில் நிற்கும் என்பது எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. கஜகஸ்தானில் உள்ள குழந்தைக்கு அந்த வாய்க்காலின் பெயரால் என்ன பயன் என்று நான் யோசிக்கவில்லை.

[இங்கே அந்த வரியை அப்படியே தர வேண்டும் என்று கை போகிறது. தரவில்லை. படிக்கும் உங்களுக்கு அந்த இடம் இல்லாமல் காட்சி மங்கலாகத் தெரிந்தால், மங்கலாகவே இருக்கட்டும்.]

4

கடிதங்களை மின்னஞ்சலில் அனுப்பினோம். டிசம்பர் கடைசியில் பள்ளியில் கண்காட்சி. தலைமையாசிரியர் ஆசைப்பட்டார் என்று ஆங்கிலப் பிரதிகளை மட்டும் வண்ணத்தாளில் ஒட்டிச் சுவரில் மாட்டினார்கள். தமிழ்க் கடிதங்கள் ஜெஸிமா டீச்சரின் பீரோவில் கிடந்தன. டீச்சருக்கு அன்று நூறு வேலை. என் ஆங்கிலத்தை அவர் மறுபடி படித்துப் பார்க்கவில்லை. நான் முத்திரை குத்துகிறவன் என்று நம்பியிருந்தார்.

பார்க்க வந்த ஒருவர் யாழினியின் கடிதத்தைப் படம் எடுத்துப் பறவை ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அங்கிருந்து வனத்துறைக்குப் போனது. அந்த மனிதரைக் கெட்டவராக எழுத ஒரு முறை முயன்று பார்த்தேன், வரவில்லை. உள்ளானைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். அவர் பறவைக்காகச் செய்தார்.

நான்காம் நாள் காலை, மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில், தூண்டில் நரம்பில் செய்த கண்ணிகளோடும் மூன்று உள்ளான்களோடும் காத்தான் பிடிபட்டார். ஒன்றுக்கு உயிர் இருந்ததாம். பறக்கவிட்டார்களாம். பதினாறு நாள் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார்.

யாழினி பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

ஜெஸிமா டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். கையில் தமிழ்க் கடிதமும் ஆங்கிலப் பிரதியும் இருந்தன. இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இந்த வரி எங்கேர்ந்து சார் வந்துச்சு?"

சொன்னேன்.

அவர் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை அழுத்திக்கொண்டார். "நானும் படிச்சுப் பாத்துருக்கணும்" என்றார். அப்புறம், "பறவையைப் பிடிக்கிறது தப்புன்னுதான் சார் நானும் சொல்லிக் குடுக்கிறேன். அவ அப்பாவைப் பிடிச்சது தப்புன்னு என்னால சொல்ல முடியல. சரின்னும் சொல்ல முடியல. ரொம்ப அசதியா இருக்கு" என்றார்.

காப்பி போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்.

5

இந்த இடத்தில் கதையை முடித்துவிட மூன்று வழி பார்த்தேன்.

காத்தான் மனம் மாறிப் பறவைக் காவலராகிறார், டீச்சரோடு சேர்ந்து பிள்ளைகளுக்குப் பறவை காட்டுகிறார். இதை டீச்சரிடம் போனில் சொன்னேன். "அவரு லோடு ஏத்தப் போவாரா, பறவை காட்டுவாரா சார்?" என்றார்.

யாழினி வேறு பள்ளியில் சேர்ந்து, வளர்ந்து, ஒரு நாள்… இல்லை.

மூன்றாவது, என்னை வருத்தத்தோடு கொள்ளிடப் பாலத்தில் நிற்க வைப்பது. பாதி எழுதிவிட்டேன், நன்றாகவும் வந்தது. அதனால்தான் கிழித்தேன்.

இப்படித் திணறிக்கொண்டிருந்தபோது, பிப்ரவரி இறுதியில், கஜகஸ்தானிலிருந்து பதில் வந்தது. நாற்பது கடிதத்துக்கும் பொதுவாக ஒரு வாழ்த்து. தனிப் பதில் ஒன்றே ஒன்று, யாழினிக்கு. எழுதியவள் அய்சுலு, வயது பன்னிரண்டு. அவர்கள் ஆசிரியை ஆங்கிலமாக்கியிருந்தார். கூடவே ஒரு புகைப்படம்: தோளில் துப்பாக்கி, கையில் கால்கள் கட்டிய ஏழெட்டு உள்ளான்கள், சிரிக்கிற ஒரு அப்பா.

6

அந்தக் கடிதத்தை வகுப்பில் படிக்க டீச்சருக்கு மனமில்லை. யாழினி இல்லாத வகுப்பில் படித்து என்ன? கொடுக்காமல் வைத்திருக்கவும் முடியவில்லை. மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம்.

வீட்டு வாசலில் யாழினியின் அம்மா வீரம்மாள் துணி பிழிந்துகொண்டிருந்தார். டீச்சரைப் பார்த்ததும் "வாங்க டீச்சர்" என்றார். குரலில் ஒன்றுமில்லை. காத்தான் உள்ளேயிருந்து வந்து எங்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். ஒல்லியான மனிதர். யாழினி கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். உயரமாகிவிட்டது போலத் தெரிந்தது. மெலிந்ததால்கூட இருக்கலாம்.

டீச்சர் கடிதத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். 'எங்கள் ஊரிலும் அது வளைந்து வளைந்துதான் பறக்கிறது. அதனால் என் அப்பாவின் குறி பாதி நேரம் தவறிவிடும். நாங்கள் வெங்காயம் போட்டு வேக வைப்போம். உன் அப்பா கண்ணியை எப்படிச் செய்கிறார்? என் அப்பா கேட்கச் சொன்னார்.'

காத்தான் புகைப்படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இவர புடிக்க மாட்டாங்களா டீச்சர்?"

"அங்க லைசென்ஸ் குடுக்குறாங்க. சீசன்ல மட்டும் சுடலாம்."

"அதே உள்ளான்தானே?"

"அதேதான்."

தலையை ஆட்டினார். யாழினி முதல்முறையாக வாயைத் திறந்தாள். "அப்ப இங்க நாம விட்டுட்டா, அங்க போனதும் அவங்க அப்பா சுட்டுருவாரா டீச்சர்?"

ஜெஸிமா டீச்சர் பதினான்கு வருடமாகப் பாடம் எடுக்கிறவர். பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, "சுடலாம்மா" என்றார். "அவங்க விட்டதத்தான் நாம புடிக்கிறோம். ரெண்டு பக்கமும் புடிச்சுக்கிட்டே இருந்தா ஒரு வருஷம் யாருக்குமே வராது. இது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

"கொறஞ்சுதான் போச்சு" என்றார் காத்தான், யாரையும் பார்க்காமல். "அது கண்ணி வக்கிறவனுக்குத் தெரியாதா?"

அப்போது நான் சொன்னேன். இடத்தை எழுதியது யாழினி இல்லை, நான் என்று. அவள் கடிதத்தில் அது இல்லை, கேட்டு வாங்கி நான்தான் சேர்த்தேன் என்று.

வீரம்மாள் ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டு எனக்கு நேரே வந்து நின்றார்.

"ரெண்டு மாசமாங்க. ரெண்டு மாசமா எம்புள்ள தன்னாலதான் அப்பாவ கூட்டிட்டுப் போனாங்கன்னு சரியா சோறு திங்கல. நாங்களும் அதத்தான் நெனச்சோம். நான் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கேன். நீங்க எங்கங்க இருந்தீங்க இத்தன நாளு?"

வீட்டில்தான் இருந்தேன். பஸ்ஸில் முப்பது நிமிடத்துக்கும் குறைவான தூரம். அந்த இரண்டு மாதமும் நான் செய்த வேலை, இந்தக் கதைக்குத் தொடக்கம் தேடியது.

அவரிடம் அதைச் சொல்ல முடியவில்லை. "மன்னிச்சுக்குங்க" என்றேன். அவர் மன்னிக்கிறேன் என்றும் சொல்லவில்லை, வெளியே போ என்றும் சொல்லவில்லை. மகள் பக்கம் திரும்பினார். அவளுடைய தலைமுடியை ஒதுக்கிவிட்டார். பிறகு கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

நாங்கள் கிளம்பும்போது யாழினி கேட்டாள்: "நான் அவளுக்குப் பதில் எழுதலாமா டீச்சர்?"

"எழுதும்மா."

என்னைப் பார்த்தாள். "நீங்கதான் மாத்துவீங்களா?"

"வேற ஆள வச்சுக்கூட மாத்தலாம்மா."

"நீங்களே மாத்துங்க. ஆனா நான் எழுதினது மட்டும்தான் இருக்கணும்."

7

அடுத்த வாரம் புதன்கிழமை அவள் பள்ளிக்கு வந்தாள். காத்தான் மாதம் இரண்டு முறை கோர்ட்டுக்குப் போகிறார். வழக்கு நடக்கிறது. வீரம்மாள் என்னிடம் மறுபடி பேசவில்லை, பேச வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

கடிதம் வந்தது. இரண்டு பக்கம். ஒரு திருமணச் சான்றிதழை மாற்றுவது போல உட்கார்ந்து மாற்றினேன். ஒரே ஒரு சொல்லுக்கு ஆங்கிலம் கிடைக்கவில்லை. சேற்றிலிருந்து உள்ளான் எழும்பும்போது கேட்கும் சத்தத்துக்கு அவர்கள் வீட்டில் சொல்கிற சொல். எந்த அகராதியிலும் இல்லை. டீச்சரின் போனில் யாழினியைப் பிடித்துக் கேட்டேன்.

"அதுக்கு இங்கிலீஷ்ல என்னம்மா போடுறது?"

"ஒண்ணும் போடாதீங்க. அப்படியே விட்டுருங்க. அவ அந்தச் சத்தத்தக் கேட்டிருப்பா. கண்டுபிடிச்சுக்குவா."

அப்படியே விட்டேன். ஆங்கில எழுத்தில் அந்தத் தமிழ்ச் சொல். வியாழக்கிழமை அனுப்பினோம்.

கண்ணி எப்படிச் செய்வது என்று அய்சுலுவின் அப்பா கேட்டதற்கு யாழினி என்ன பதில் எழுதினாள், தன் அப்பாவைப் பற்றி என்ன சொன்னாள், அவரைப் பிடித்தது பற்றிச் சொன்னாளா, இனி கண்ணி வைப்பாரா மாட்டாரா, எல்லாம் அந்த இரண்டு பக்கத்தில் இருக்கிறது. எனக்குத் தெரியும். இந்தக் கதையின் முடிவு அதுதான் என்று நீங்கள் நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறீர்கள். ஆனால் அந்தக் கடிதம் உங்களுக்கு எழுதப்பட்டதல்ல.

அங்கே ஏரியில் பனி உருகத் தொடங்கியிருக்கும். பதில் இன்னும் வரவில்லை.