மீன் பெட்டிச் சோறு

மாப்பிள்ளை வீட்டாரின் கார் குடிகாடு திருப்பத்துக்கு வந்துவிட்டது என்று போன் வந்ததும், அன்பரசு முதல் காரியமாக மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அது போதாதென்று முன்னால் ஒரு போர்வையை வேறு தொங்கவிட்டார். அமராவதி பார்த்துக்கொண்டே நின்றாள். பெட்டிக்குள் சோறும் சாம்பாரும் ரசமும் இருந்தன, சாய்ந்தால் கொட்டிவிடும் என்பது அவள் கவலை. புருஷன் கவலை வேறு. வருகிறவர்கள் சிதம்பரத்துக்காரர்கள், பையன் பேங்கில் இருக்கிறான், பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய் இன்றைக்குக் கை நனைக்க வருகிறார்கள். இந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டார்கள் என்றால் கல்யாணம் நிச்சயமான மாதிரி. சாப்பிடாமல் எழுந்தால் முடிந்தது கதை. அப்படிப்பட்ட நாளில், மீன் வருகிற தெர்மாகோல் பெட்டியிலிருந்து சோறு எடுத்துப் போட்டால் என்ன நினைப்பார்கள்? இன்னைக்கு ஒரு நாளாவது ஊர் உலகத்தைப் போல கேஸில் வைத்து முழுசாக ஆக்கு என்று காலையில் கெஞ்சியே பார்த்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்தது, அன்பரசு வேலை பார்த்த கெமிக்கல் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திய வருஷம். சிலிண்டர் தீர்ந்துபோய், அடுத்ததுக்கு வழியில்லாமல், அரிசி களைந்த பாத்திரத்தோடு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள் அமராவதி. அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சோறு வேகிற வரைக்கும் அந்த வீட்டுக்காரி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாளே, அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் இவளுக்கு வயிறு எரியும். அப்புறம் ஒரு நாள் துறைமுகத்து மீன் மார்க்கெட்டில், விடியற்காலையில் கொட்டிய ஐஸ் உச்சி வெயிலிலும் கரையாமல் பெட்டிக்குள் கிடப்பதைக் கண்டாள். குளிரை வெளியே விடாத பெட்டி சூட்டை மட்டும் விட்டுவிடுமா என்ன? பழைய பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, புளித்தண்ணீர் விட்டுத் தேய்த்து, மீன் வாடை ஒழிகிற வரை வெயிலில் போட்டாள். உலை கொதித்துக் கொஞ்ச நேரத்தில் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடிப் பழைய புடவையால் சுற்றி உள்ளே இறக்கினாள், மீதி அந்தச் சூட்டிலேயே வேகட்டும் என்று. முதல் நாள் சோறு நறுக்கரிசி, மறுநாள் களி. பிறகு பக்குவம் பிடிபட்டது. ஒரு மாதம் வந்த சிலிண்டர் இரண்டு மாதத்தைத் தாண்டியது. அன்பரசுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்த பிறகும் அவள் பெட்டியை விடவில்லை. தெருவில் கஞ்சப்பிசினாறி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அதற்கப்புறம் யார் வீட்டு அடுப்படியிலும் போய் அவள் நிற்கவில்லை.

மாப்பிள்ளை கதிரவன் அடக்கமான பையன். அவன் அப்பா வந்ததிலிருந்து வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவன் அம்மா ஞானாம்பாள்தான் ஆள். தண்ணீர் கேட்கிற சாக்கில் எழுந்து நேரே அடுப்படிக்குள் போய்விட்டாள். மருமகள் வளர்ந்த வீட்டின் லட்சணம் அடுப்படியில் தெரியும் என்று பார்க்கிறவள். அதில் தப்பொன்றும் இல்லை, அமராவதியும் அந்த இடத்தில் அதைத்தான் செய்திருப்பாள். அறைக்குள்ளிருந்து மகள் இளமதி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். எத்தனையோ ஜாதகம் வந்து போனதில் அந்தப் பெண் வாயைத் திறந்து "இவுருன்னா எனக்கு சரிம்மா" என்று சொன்னது இந்த ஒரு இடத்துக்குத்தான்.

ஞானாம்பாள் அடுப்படியில் கண்டது என்ன? துடைத்துவைத்த மேடை. பொரியலும் வடையும் வைத்த அடுக்குக் கேரியர். சோற்றுப் பானை இல்லை, குழம்புச் சட்டி இல்லை. பர்னரைத் தொட்டே பார்த்துவிட்டாள். முகம் கறுத்துக் கூடத்துக்கு வந்தாள்.

"அடுப்பு ஆறிக் கெடக்கு. கேரியர்ல வாங்கி வச்சிருக்கீங்க. ஓட்டல் சோறு எங்களுக்கு செதம்பரத்துல கெடைக்காதா? கை நனைக்க வர்றவங்களுக்கு ஒரு ஒல வைக்க மனசு வரலியா ஒங்களுக்கு?"

அன்பரசு பதறி எழுந்தார். கேஸ் தீர்ந்துபோச்சு, அவசரத்துக்கு ஓட்டலில் சொல்லிவிட்டோம், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கையைப் பிசைந்தார். மீன் பெட்டியைவிட ஓட்டல் மேல் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றிவிட்டது. அமராவதிக்குச் சுருக்கென்றது. விடியுமுன் எழுந்து மசாலா வறுத்து அரைத்தவள் அவள். தன் கைச் சமையலைக் கட்டின புருஷனே ஓட்டல்காரனுக்குத் தூக்கிக் கொடுத்தால் பொறுக்குமா?

விறுவிறுவென்று உள்ளே போய், போர்வையை விலக்கி, பெட்டியைத் தரதரவென்று கூடத்துக்கு இழுத்து வந்தாள். மூடியைத் திறந்து, புடவையைப் பிரித்து, பாத்திரத்து மூடியை எடுத்தாள். குப்பென்று ஆவி கிளம்பியது.

மீன் பெட்டி என்று தெரிந்ததும் ஞானாம்பாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வாடையே இல்லை, ஆனாலும் பொத்திக்கொண்டாள். அன்பரசு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இது எதற்கு என்று கதிரவனின் அப்பா விசாரிக்க, கேஸ் மிச்சம் பிடிக்கத்தான் என்று அமராவதி மறைக்காமல் சொன்னாள்.

"நெருப்புலயே இம்மாங் கஞ்சத்தனம்னா, எம்புள்ளைக்கு வயிறார சோறு போடுமா ஒங்க பொண்ணு?" என்றாள் ஞானாம்பாள்.

"சோத்துல நான் கஞ்சம் புடிச்சதில்லீங்க. நெருப்புலதான் புடிச்சேன். இதுல வெந்தத தின்னுட்டுதான் எம்பொண்ணு படிச்சி லேப் வேலைக்குப் போறா. ஓட்டல்னு இவுரு சொன்னது பொய். ஆக்குனது நான். மனசிருந்தா ஒக்காருங்க. இல்லன்னா மோர் குடிச்சிட்டுப் போங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்குப் பகீரென்றது. ஐயோ, பிள்ளை ஆசைப்பட்ட இடமாயிற்றே! ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவளுக்கு மனமில்லை. ஞானாம்பாள் மகனைக் கிளம்பு என்று அதட்டிவிட்டு வாசலுக்கு நடந்தாள். அவள் புருஷன் பின்னாலேயே போனார். கதிரவன் எழுந்தான், ஆனால் எழுந்த இடத்திலேயே நின்றான்.

அறைக்குள்ளிருந்து இளமதி வந்தாள். கண் கலங்கித்தான் இருந்தது. அப்பாவைப் பார்க்கவில்லை, கதிரவனை ஒரு தரம் பார்த்தாள். அவனுக்கென்று போட்டிருந்த தலைவாழை இலையின் முன்னால் பட்டுப்புடவையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். விருந்தாளி சாப்பிடுமுன் கல்யாணப் பெண் சாப்பிடுவதை அந்தத் தெருவில் யாரும் கண்டதில்லை.

"போடும்மா. பசிக்குது."

அமராவதி கரண்டியை எடுத்தாள். வாசலில் ஞானாம்பாள் ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றாள். சோற்றில் இளமதி விரலால் குழி பறித்தாள், அமராவதி அது நிறைய சாம்பாரை ஊற்றினாள். சூடு தாங்காமல் பெண் கையை உதறிக்கொண்டாள். உதறிவிட்டு மறுபடியும் பிசைந்தாள்.