சுறா எண்ணெய் குடித்த பேஞ்சோ

என் தம்பி பவுலும் எங்கள் அப்பாவும் ஒரே ஒரு தடவை வாய் திறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது இரண்டு பேருக்கும்? நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

எழுபத்தொன்றில் தூத்துக்குடிக்குப் புதுத் துறைமுகம் வரவில்லை. கப்பல்கள் தூரத்தில் கடலிலேயே நிற்கும். தோணிகள்தான் உப்பு மூட்டைகளைக் கொண்டுபோய் ஏற்றும். அப்பா ரோச் அப்படி ஒரு தோணிக்குத் தண்டல். அவர் சொன்னால்தான் பாய் ஏறும். பவுல் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கிட்டார் வாசிப்பான்.

அந்த வருஷம் உப்பு ஏற்ற வந்த ஒரு கப்பலில் வெர்னன் என்று அமெரிக்க எஞ்சினியர் இருந்தான். கென்டக்கி மலைக்காரன். அவனிடம் இரண்டு பேஞ்சோ. நம் ஊரில் பொத்தானை அமுக்கி வாசிக்கிற பேஞ்சோ இல்லை இது. வட்ட முகம், நீளக் கழுத்து, ஐந்து கம்பி, பின்பக்கம் சத்தத்தை முன்னே தள்ள ஒரு மரக் கிண்ணம். விரலில் தகர நகம் மாட்டிக்கொண்டு அவன் தன் ஊர் ப்ளூகிராஸ் பாட்டை வாசித்தானாம். ஆபீஸ் வேலையாகக் கப்பலுக்குப் போய்க் கேட்டு வந்த பவுலுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

கப்பல் புறப்படுகிற வாரம் வெர்னன் இரண்டையும் அவன் கையில் கொடுத்தான். "வீட்டில் வைத்து வாசித்துப் பார். ஒன்றை எடுத்துக்கொள், மற்றதை திங்கட்கிழமை கொண்டு வா. எதை எடுத்தாலும் வாசிக்காமல் போடக்கூடாது" என்றானாம். பவுலும் சரியென்று சொல் கொடுத்துவிட்டு வந்தான்.

ஒன்று புதுசு. பளபளவென்று, முகத்தில் பிளாஸ்டிக். இன்னொன்று நாற்பது வருஷப் பழசு. முகத்தில் கன்றுத்தோல், மரம் நிறம் மங்கிக் கிடந்தது.

"புதுசை எடுலே. இந்த உப்புக்காத்துக்குத் தோல் தொங்கிப் போகும்" என்றேன்.

"புதுசு தகரத்தைத் தட்டின மாதிரி இருக்குக்கா. பழசுலதான் அந்தச் சத்தம் இருக்கு. பழசுதான் எனக்கு" என்றான். வாசித்தும் காட்டினான். சும்மா சொல்லக்கூடாது, கணீரென்று இருந்தது. அப்பாகூட வலை பின்னுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

மறுநாள் காலை நானும் பவுலும் பூசைக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தால் வீடே நாறுகிறது. தோணிக்குப் பூசுகிற சுறா எண்ணெயைத் துணியில் தொட்டு, பழைய பேஞ்சோவை அடி முதல் நுனி வரைக்கும் தேய்த்து முடித்திருந்தார் அப்பா. தோலையும் விடவில்லை.

"மரம் தாகத்துல கிடந்துச்சுலே. தோலும் காஞ்சு கிடந்துச்சு. இனி உன் காலத்துக்கும் வெடிக்காது" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

பவுல் எடுத்து மீட்டினான். ஈரச் சாக்கைத் தட்டியது போலப் பொத்தென்று ஒரு சத்தம். அவனோ, "நல்லாருக்குப்பா" என்றான்.

பின்கட்டுக்கு இழுத்துப் போய் ஏசினேன். "கூறுகெட்டவனே, புதுசையாவது வச்சுக்க."

"கெடுத்ததை வெர்னன்கிட்ட எப்படிக்கா திருப்பிக் கொடுக்க? புதுசை வச்சுக்கிட்டா அப்பாவுக்கும் விளங்கிரும். மனசு விட்டுருவாரு."

திங்கட்கிழமை புதுசைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். மிருதங்கத்துக்குத் தோல் கட்டுகிறவரிடம் போனால் வேறு தோல் போட்டுவிடலாம் என்று பல தடவை சொன்னேன். "ஏன் மாத்தினன்னு அப்பா கேப்பாரு" என்பான். செவிடன் காதில் ஊதின சங்குதான்.

ஏழு வருஷம். அந்தி சாய்ந்ததும், "ஏலே, உன் பெட்டியை எடு" என்பார் அப்பா. பவுல் வாசிப்பான். பொத், பொத். அவர் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்பார். அந்த விரல்கள் எங்கே போயிருக்க வேண்டியவை! எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கும்.

எழுபத்தெட்டில் அப்பா படுக்கையில் விழுந்தார். ஒரு நாள் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தேன். சுவரில் தொங்கிய பேஞ்சோவைக் காட்டி, "ஏளா, அந்தத் தோல் அன்னைக்கே செத்துப் போச்சு" என்றார்.

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் மீட்டுலயே தெரிஞ்சுட்டு. அவன் மூஞ்சியும் தெரிஞ்சுட்டு."

"பின்ன ஏன் சொல்லல?"

"ஒரு வார்த்தை ஏசுவான்னு பாத்தேன். ஏசியிருந்தா, தப்புதாம்லே, வேற தோல் போடுன்னு சொல்லியிருப்பேன். பெத்த தகப்பன் தானா எப்படிளா சொல்லுதது? ராத்திரி ராத்திரி வாசிக்கச் சொன்னேனே, இன்னைக்காவது ஏசுவான், இன்னைக்காவது ஏசுவான்னுதான்."

பவுலைக் கூட்டிவர ஆபீசுக்கு ஆள் அனுப்பினேன். அவன் வந்து சேர்வதற்குள் அப்பாவுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. விடிவதற்குள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த பிறகு அவனிடம் சொன்னேன். சுவரில் தொங்கிய பேஞ்சோவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"அப்போ அவருக்கும் அந்தச் சத்தம் பிடிக்கலையாக்கா?" என்றான்.



அடுத்த மாசம் நானே கொண்டுபோய்ப் புதுத் தோல் போட்டு வந்தேன். இப்போது பழையபடி கணீரென்று இருக்கிறது. வெர்னனுக்குச் சொன்ன சொல்லுக்காக அந்தியில் பவுல் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவான். ஒரு பாட்டு முடிவதற்குள், அப்பா உட்கார்ந்து கேட்ட இடத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விடுகிறான்.