க்ளூ மட்டும்

புதிர் என்று வந்துவிட்டால் அஸ்வினுக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன். வாரத்தில் ஆறு நாள் மெஷின் சொன்னபடி ஆடுவான். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி லாவண்யாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போய்விடுவான். பெங்களூரில் யாரோ கல்லூரிப் பையன்கள் நடத்திய புதிர் விளையாட்டு அது. திரையில் ஒரு படம் வரும். விடை அந்தப் படத்தின் பெயரிலோ, பக்கத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்த எழுத்திலோ எங்காவது பதுங்கிக் கிடக்கும். கண்டுபிடித்துத் தட்டினால் அடுத்த லெவல் திறக்கும்.

"விடையச் சொல்லக் கூடாது. க்ளூ மட்டும்தான் குடுக்கலாம். அதான் சட்டம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டான். சட்டம் போட்டவன் பதினெட்டாவது லெவலில் முட்டிக்கொண்டு நின்றான். தங்கச்சி அவனைத் தாண்டி எங்கோ போய்விட்டாள். வெளியே சிரித்தாலும் அவனுக்கு உள்ளே வயிறு எரிந்தது.

இளம்பரிதியை அந்த சென்டருக்குக் கூட்டிவந்ததும் இதே புத்திசாலிதான். ஜவளகிரிப் பக்கத்துப் பையன், கம்பெனியில் பக்கத்து மெஷின். அன்றைக்குக் காலியாக இருந்த ஒரே சிஸ்டம் லாவண்யாவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததை சென்டர்காரன் கண்டுபிடித்தான், எதிர்க்கடை டீ மாஸ்டர் கண்டுபிடித்தான். ஒளிந்திருப்பதையெல்லாம் தேடித் தேடிக் கண்டுபிடிக்கிற அஸ்வினுக்குத்தான் கண் தெரியவில்லை.

ஒரு ஞாயிறு அவள் கேட்கத்தான் செய்தாள். "அண்ணே, எனக்கு ஒருத்தரப் பிடிச்சிருக்குன்னு சொன்னா, நீ அப்பாகிட்ட பேசுவியா?"

"மொதல்ல இந்த லெவல முடிப்போம்" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்பா அண்ணாதுரை அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர். வந்து இருபது வருஷமாகியும், புதிதாக ஒருவரைப் பார்த்தால் பெயரைக் கேட்பதற்கு முன்னால் என்ன ஆளுங்க என்று கேட்பார். இளம்பரிதியின் அப்பா, தாத்தா எல்லாம் அடுத்தவர் காட்டில் கூலிக்கு நின்றவர்கள். அந்த வீட்டில் போய்ப் பெண் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு எந்த க்ளூவும் தேவையில்லை. அதனால் இருவரும் பதிவுத் திருமணம் என்று முடிவு செய்தார்கள். லாவண்யாவிடம் போன் கிடையாது. வேலைக்குப் போக வர அப்பாவே கூட வருவார். அவளுக்கென்று இருந்த ஒரே இடம் அந்த விளையாட்டின் அரட்டைப் பக்கம். அங்கே இளம்பரிதி ஊரார் முன்னால் புதிர் பேசுவதுபோல இங்கிலீஷில் எழுதுவான். ஒவ்வொரு வார்த்தையின் முதல் எழுத்தையும் சேர்த்துப் படித்தால் அவளுக்கான செய்தி வரும். அவள் ஞாயிறு மட்டும்தான் படிக்க முடியும் என்பதால் எதையும் பத்து நாள் முன்னாலேயே எழுதிவிடுவான்.

அப்படி அவன் எழுதிய ஒன்று அஸ்வின் கண்ணில் பட்டது. வாக்கியம் கொஞ்சம் கோணலாக இருந்தது. பதினெட்டாவது லெவலுக்கு இதில்தான் க்ளூ ஒளிந்திருக்கிறது என்று அவன் மனசு அடித்துச் சொன்னது.

"இதுல என்னமோ இருக்கு. ஒரு க்ளூ குடேன்" என்று லாவண்யாவிடம் கேட்டான்.

"அத விடுண்ணே. அது சும்மா பேச்சு."

எந்தப் புதிரையும் விடு என்று சொல்லாதவள் இதை மட்டும் விடச் சொல்கிறாள். தன்னை முந்தவிடக் கூடாதென்று மறைக்கிறாள், கள்ளி என்று நினைத்துக்கொண்டான். அந்த வாரம் பூராவும் மெஷினில் நிற்கும்போதும் அதே நினைப்பு. பின்னாலிருந்து படித்தான், ஒன்றுவிட்டு ஒன்று படித்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதல் எழுத்துகளைக் கோத்தபோது மணி அடித்த மாதிரி வந்து விழுந்தது: புதன், பத்து மணி, கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு. விடைப் பெட்டியில் தட்டினான். தவறு என்றது. புதனைத் தட்டினான், கிருஷ்ணகிரியைத் தட்டினான். தவறு, தவறு.

வீட்டுக்கு வந்தும் வாய் சும்மா இருக்கவில்லை. லாவண்யா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் விழுந்ததைப் பிய்த்தபடியே சொன்னான்: "பூட்ட ஒடச்சிட்டேன் லாவண்யா, உள்ள என்னன்னுதான் தெரியல. இளம்பரிதி எழுதினது. புதன், பத்து மணி, கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு. இத எதோட சேக்கணும்?"

அடுப்படியில் தோசை தீயும் வாசம் வந்தது. அவள் திருப்பிப் போடவில்லை.

அண்ணாதுரை கம்ப்யூட்டரைத் தொட்டதுகூட இல்லை. கையைத் தட்டிலேயே கழுவினார். "புதன்கிழமை கம்பெனியில ஏதோ ட்ரெயினிங்கு, கிருஷ்ணகிரிக்குப் போகணும்னியே பாப்பா" என்றார். குரலை உயர்த்தவில்லை. அப்போதுதான் அஸ்வினுக்கும் விடை தெரிந்தது.

மறுநாள் சாயங்காலமே ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். அருப்புக்கோட்டையில் அத்தை மகன் தயாராக இருந்தான், கல்யாணத் தேதி பார்க்கவேண்டியதுதான் பாக்கி. அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரத்தில் அஸ்வின் பையை பஸ் ஜன்னல் வழியாகக் கொடுத்தான். லாவண்யாவின் இடது கன்னம் வீங்கியிருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றான்.

"விடையச் சொல்லக் கூடாதுன்னு நீதானண்ணே சட்டம் போட்ட. க்ளூ குடுத்தேன். நீ திரையவே பாத்துக்கிட்டிருந்த."

பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அவருக்காவது போன் போட்டுச் சொல்லிரு. பாவம், வீணா நிப்பாரு." அப்பா வருவதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வாரம் இளம்பரிதிக்கு வேறு ஷிப்ட், நேரில் பார்க்க வழியில்லை. ஆனால் நம்பர் இருந்தது. திங்கள் ராத்திரி எடுத்தான், வைத்தான். செவ்வாயும் எடுத்தான், வைத்தான். என்னவென்று சொல்வது? உன் புதிரை நான்தான் அவிழ்த்தேன் என்றா?

புதன்கிழமை டீ நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்திருந்தான். பத்தரை மணிக்குச் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான், இளம்பரிதி. லாவண்யா வீட்டில் அவனுக்குத் தெரிந்த ஒரே நம்பர் அஸ்வினுடையதுதான். அஸ்வின் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். அது அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது.